சொல்லும் சொல்லாமையும்: ரிச்சி பெனோவின் தொலைக்காட்சி வருணனை குறித்த ஒரு மதிப்பீடு

‘நேர்முக வருணனை’ என்னும் தொடர் தமிழுக்கு வானொலி தந்த கொடையாகும். களத்தில் நிகழ்வதைக் காண இயலாத ஒருவருக்குக் கண்டவர் சொல்லிக் காட்டுவதே அதன் பொருள். வருணனை என்ற சொல்லோ அதனினும் பழைமை வாய்ந்தது. பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் கூறும் தண்டியலங்காரம் மலை, கடல், நாடு, நகர் முதலானவற்றைப் புனைந்துரைத்தலைக் காப்பியத்தின் இன்றியமையா உறுப்புகளாகக் கொள்கிறது. கேட்பவர் மனக்கண்ணில் ஒரு பொருளைச் சொல்லால் எழுப்பிக் காட்டுதல் என்னும் இக்கருத்தே காப்பியத்திலிருந்து பள்ளிக்கூடத்து வருணனைக் கட்டுரை வரையும், அங்கிருந்து வானொலி வரையும் தொடர்ந்து வந்துள்ளது எனலாம். 1980களில் அகில இந்திய வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் வருணித்த அப்துல் ஜப்பார் முதலியோர் இம்மரபில் வந்தவர்களே. பந்து எங்கே விழுந்தது, மட்டை எவ்வாறு சுழன்றது, பந்தைத் தடுக்க யார் ஓடினார் என்பவற்றையெல்லாம் சொல்லாக்குவதே அவர்தம் பணியாயிருந்தது.

தொலைக்காட்சி வந்ததும் இவ்விலக்கணம் தலைகீழாயிற்று. பந்து எல்லைக்கோட்டைக் கடப்பதைப் பார்வையாளரே பார்க்கின்றார். பார்த்துக்கொண்டிருப்பவரிடம் பார்த்ததையே சொல்வது நன்னூலார் குற்றமாக எண்ணும் ‘கூறியது கூறல்’ அன்றி வேறன்று. அங்ஙனமாயின் தொலைக்காட்சி வருணனையாளருக்கு எஞ்சியிருக்கும் பணி யாது? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்தவர் என்று ஆஸ்திரேலியரான ரிச்சி பெனோவைக் குறிப்பிடலாம். அவருடைய வருணனையை ஒரு மொழிக்கலையாகக் கொண்டு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டு வருணனையை ஆய்வுப் பொருளாகக் கொள்வது தகுமா என்று தயங்குவோர் உளர். நாள்தோறும் பல இலட்சம் மக்கள் மணிக்கணக்கில் கேட்கும் உரைநடை வேறு எதுவும் நம் காலத்தில் இல்லை என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டி மேலே செல்வோம்.

பெனோ 1930 அக்டோபர் 6ஆம் நாள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பென்ரித் நகரில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர்; அவரும் லெக் ஸ்பின் பந்துவீச்சாளரே. மகன் 1952இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சிட்னியில் டெஸ்ட் ஆட்டத்தில் அறிமுகமாகி, 1964இல் ஓய்வு பெறும்வரை 63 டெஸ்ட் ஆட்டங்களில் 2201 ஓட்டங்களையும் 248 விக்கெட்டுகளையும் பெற்றார். டெஸ்ட் வரலாற்றில் 2000 ஓட்டங்களும் 200 விக்கெட்டுகளும் ஒருங்கே பெற்ற முதல் ஆட்டக்காரர் அவரே. ஓர் ஆட்டப்பகுதியில் அவருடைய மிகச் சிறந்த பந்துவீச்சு 72 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். அது 1956இல் சென்னையில் நிகழ்ந்தது என்பது தமிழ் வாசகர் அறிந்திருக்கத்தக்க செய்தி. 28 டெஸ்ட் ஆட்டங்களில் அணித்தலைவராயிருந்து, தம் தலைமையில் ஒரு தொடரையும் அவர் இழக்கவில்லை.

இவ்வெண்கள் எளிதில் கிடைப்பன. அவற்றை நீட்டிக்க வேண்டுவதில்லை. ஆயினும் இரண்டு ஆட்டங்களை மட்டும் சுட்டுவது பின்னர் கூறப்போவதற்குத் துணையாகும். 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் பிராங்க் வொரெல் தலைமையிலான மேற்கிந்திய அணியுடன் நடைபெற்ற ஆட்டம், டெஸ்ட் வரலாற்றிலேயே முதன்முறையாக இரு அணியும் சம ஓட்டங்கள் எடுத்த நிலையில் முடிந்தது. 233 ஓட்டங்களைத் துரத்திய ஆஸ்திரேலியா 92 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்த நிலையில், ஆட்டத்தை வெற்றி தோல்வியின்றி முடித்துக்கொள்ளும் எண்ணம் கொள்ளாமல் ஆலன் டேவிட்சனுடன் இணைந்து 134 ஓட்டங்கள் சேர்த்தவர் பெனோ. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில், 256 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு 1 விக்கெட்டுக்கு 150 என்று வலுவாக நின்ற இங்கிலாந்தை, பந்துவீச்சாளர்களின் காலடித் தடங்களால் சிதைந்திருந்த தரைப்பகுதியில் பந்தை விழச் செய்து 201 ஓட்டங்களுக்குள் சுருட்டினார். 6 விக்கெட்டுகள் அவருக்கு. இரு ஆட்டங்களிலும் நாம் காண்பது துணிவைக் காட்டிலும் கணக்கு. எதை எப்பொழுது செய்தல் வேண்டும், எதைச் செய்யாதிருத்தல் வேண்டும் என்ற கணக்கு அது. பின்னாளில் ஒலிவாங்கியின் முன்னும் அக்கணக்கே அவரை நடத்தியது.

ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் வருணனைக்கு வருவது இன்று இயல்பாகிவிட்டது. களத்தை விட்டு வெளியேறிய மறுநாளே ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெனோ அவ்வாறு வந்தவர் அல்லர் என்பது அழுத்திக் கூறத்தக்கது. 1956ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்து அணியினர் புறப்பட்ட பின், 25 வயதே நிரம்பிய அவர் இலண்டனில் தங்கிப் பிபிசி நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். அப்பொழுது அவர் அணித்தலைவராகவும் இல்லை. அணியில் அவருடைய இடமும் உறுதியாகவில்லை. அப்பயிற்சியில் அவர் உற்றுக் கவனித்தவர்கள் கிரிக்கெட் வருணனையாளர்கள் அல்லர் என்பது வியப்புக்குரியது. குதிரைப் பந்தயத்தில் பீட்டர் ஓசல்லவன், கோல்ஃபில் ஹென்றி லாங்ஹர்ஸ்ட், டென்னிஸில் டான் மாஸ்கெல் ஆகியோரையே அவர் ஆசான்களாகக் கொண்டார். இவர்களுள் பின்னிருவரும் நெடுநேரம் பேசாதிருப்பதற்குப் பெயர் பெற்றவர்கள். முதலாமவரோ ஓடும் குதிரைகளை ஒரு நொடியும் பிழையாமல் பெயர் சொல்லி அழைக்க வல்லவர். துல்லியம் ஒருவரிடமும், மௌனம் மற்ற இருவரிடமும் கற்கப்பட்டன.

நாடு திரும்பியவர் சிட்னியில் தாம் பணியாற்றிய ‘தி சன்’ நாளிதழின் ஆசிரியர் பகுதிக்கு மாற்றம் கேட்டார். பிறர் எழுதித் தரும் விளையாட்டுப் பத்தியில் தம் பெயரை மட்டும் பொறித்துக்கொள்ளும் வசதியான வாய்ப்பை ஒதுக்கிவிட்டு, காவல் நிலையங்களைச் சுற்றிச் செய்தி திரட்டும் குற்றச் செய்தியாளர் வேலையை ஏற்றார். இதனை வாழ்க்கை வரலாற்றாளர் பலர் ஒரு சுவையான துணுக்காகக் கூறிக் கடந்துவிடுகின்றனர். நம் பார்வையில் அவருடைய மொழிநடையின் ஊற்றே இங்குதான் உள்ளது. குற்றச் செய்தியில் அடைமொழிக்கு இடமில்லை. யார், எங்கே, எப்பொழுது என்ற மூன்றும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடவேண்டும். காலக்கெடுவோ தலைக்குமேல் தொங்கும். நன்னூல் கூறும் நூலழகு பத்தனுள் முதலாவதாகிய ‘சுருங்கச் சொல்லல்’ செய்தித்தாள் அலுவலகத்தில் அழகாகக் கருதப்படுவதில்லை. அது அங்கே பிழைப்புக்கான தேவை. அத்தேவையை அழகாக மாற்றியதே பெனோவின் சாதனை.

1960இல் பிபிசி வானொலியிலும் 1963 முதல் அதன் தொலைக்காட்சியிலும் அவர் வருணனை செய்யலானார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் வடகோளத்துக் கோடையில் இங்கிலாந்து, தென்கோளத்துக் கோடையில் ஆஸ்திரேலியா என்று ஆண்டு முழுவதும் கோடையிலேயே வாழ்ந்தவராகப் பல்லாண்டுகள் கழித்தார். அவர் தொழில் வாழ்க்கையின் அளவை இது காட்டும்.

இனி அவருடைய வருணனையின் இயல்பைச் சில சான்றுகளால் நோக்குவோம். 1993 சூன் 4ஆம் நாள் மான்செஸ்டரில் ஷேன் வார்ன் இங்கிலாந்து மண்ணில் தம் முதல் ஆஷஸ் பந்தை வீசினார். பந்து காலின் புறத்தே விலகிச் சென்று தரையில் பட்டு, மைக் கேட்டிங்கின் மட்டையைத் தாண்டி எதிர்ப்புறக் குச்சியின் உச்சியைத் தட்டியது. அப்பொழுது ஒலிவாங்கியின் முன் இருந்தவர் பெனோ. அவர் கூறியவற்றின் சாரம் இது: செய்துகாட்டிவிட்டார், மிக அழகிய பந்தோடு தொடங்கியிருக்கிறார், என்ன நடந்தது என்று கேட்டிங்கிற்குச் சற்றும் விளங்கவில்லை. பிறகு ஓர் இடைவெளி. அதன்பின், இன்னமும் அவருக்குத் தெரியவில்லை என்று ஒரு சிறு தொடர். அவ்வளவே.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது அவர் எதைச் சொல்லவில்லை என்பதை. அன்று உலகில் லெக் ஸ்பின் பந்துவீச்சைப் பற்றிப் பேசும் தகுதி பெற்ற சிலருள் பெனோ தலையாயவர். அப்பந்து காற்றில் விலகிய விதம், மணிக்கட்டின் நிலை, தரையில் பட்டுத் திரும்பிய அளவு ஆகியவற்றை ஒரு நிமிடம் விளக்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ பந்தைக் காட்டும் பொறுப்பை மறு ஒளிபரப்பிடம் விட்டுவிட்டு, மட்டையாளரின் முகத்தைப் படித்தார். திரையில் கேட்டிங்கின் திகைப்பு தெரிகின்றது. அத்திகைப்பின் பொருளைச் சொல் தருகின்றது. இறுதிச் சிறுதொடர்க்கு முன் விடப்பட்ட இடைவெளியே அதனை நகைச்சுவையாக்குகின்றது. இடைவெளியின்றி ஒரே மூச்சில் கூறப்பட்டிருப்பின் அது வெறும் மிகைபடக் கூறலாய் முடிந்திருக்கும்.

1981இல் ஹெடிங்லி ஆட்டத்தில் இயன் போத்தம் ஆட்டமிழக்காமல் 149 ஓட்டங்கள் குவித்தபோது, பார்வையாளர் கூட்டத்துக்குள் பறந்த ஒரு பந்தைப் பற்றி அவர் கூறியது இன்னொரு வகைக்குச் சான்று. அதனைத் தேடவும் வேண்டா, துரத்தவும் வேண்டா. நேரே மிட்டாய்க் கடைக்குள் புகுந்து வெளியேயும் வந்துவிட்டது என்ற பொருள்பட அவர் பேசினார். மட்டை சுழன்ற அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைத்தான் எல்லாரும் பார்த்தாயிற்றே! ஒளிப்படக் கருவியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பந்துக்கு என்ன நேர்ந்தது என்ற கற்பனையைத்தான் அவர் சேர்த்தார். திரையில் இருப்பதோடு எதையேனும் சேர்க்க முடியுமாயின் பேசு, இன்றேல் வாயை மூடு என்பது இளைய வருணனையாளர்களுக்கு அவர் வழங்கிவந்த அறிவுரை. இவ்வறிவுரையைப் பலரும் மௌனத்துக்கான பரிந்துரையாகவே எடுத்தாள்கின்றனர். அதன் முற்பகுதியும் அதே அளவு கடுமையானது என்பதை மறந்துவிடலாகாது. சேர்ப்பதற்கு ஏதேனும் இருத்தல் வேண்டும். அது அறிவாலும் உழைப்பாலும் வருவது.

இம்மௌனத்துக்குப் பின்னே ஒரு பொருளியல் உண்டு என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். பிபிசி ஒளிபரப்பில் ஓர் ஓவர் முடிந்து மறு ஓவர் தொடங்கும்வரை விளம்பரம் இல்லை. களத்தடுப்பாளர்கள் இடம் மாறுகின்றனர், புறா ஒன்று புல்லில் நடக்கின்றது, வருணனையாளர் வாளாவிருக்கின்றார். ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் போன்ற வணிக ஒளிபரப்பில் அந்த இடைவெளி விளம்பரத்துக்கு உரியது. எனவே பேசுவதற்குக் கிடைக்கும் நேரம் குறுகுகின்றது. குறுகவே ஒவ்வொரு நொடியையும் நிரப்பும் ஆவல் பெருகுகின்றது. ஒரே மனிதர் இருவேறு அமைப்புகளிலும் பல்லாண்டுகள் பணியாற்றினார்; நடையை அவர் பெரிதும் மாற்றிக்கொள்ளவில்லை. சேனல் நைனில் அவரைச் சூழ்ந்திருந்த பில் லாரி, டோனி கிரெய்க் ஆகியோரின் ஆரவாரத்துக்கு நடுவே அவருடைய அடக்கம் மேலும் எடுப்பாகத் தெரிந்தது. மௌனம் தனித்து மதிப்புப் பெறுவதில்லை. பக்கத்தில் ஒலி இருக்கும்போதே அது செவிக்குப் புலனாகின்றது.

இதுகாறும் கூறியவை பெனோவின் புகழ்பாடுவோர் அனைவருக்கும் உடன்பாடானவை. ஆயினும் திறனாய்வு அத்துடன் நின்றுவிடலாகாது. சொல்லாமையைக் கலையாக்கிய ஒருவரிடம், எந்தச் சொல்லாமை கலை, எந்தச் சொல்லாமை விலகிச் செல்லுதல் என்று கேட்பது நம் கடமை.

1977இல் தொலைக்காட்சி முதலாளி கெரி பேக்கர், ஒளிபரப்பு உரிமை தமக்கு மறுக்கப்பட்ட நிலையில், உலகின் முன்னணி ஆட்டக்காரர்களை இரகசியமாக ஒப்பந்தம் செய்து உலகத் தொடர்க் கிரிக்கெட் என்னும் போட்டி அமைப்பைத் தொடங்கினார். அதற்கு ஆலோசகராகப் பணியாற்றியவர் பெனோ; அவர் மனைவி டாஃப்னியும் உடன் பணிபுரிந்தார். ஆஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர், கிரிக்கெட் வாரியத்தின் பகைவராகக் கருதப்பட்டவருடன் சேர்ந்தமை அன்று பெரும் அதிர்ச்சியை விளைவித்தது. ஆட்டக்காரர்களுக்கு அதுவரை வழங்கப்பட்ட ஊதியம் மிகக் குறைவு என்பதும், பேக்கரின் வருகையால் அது உயர்ந்தது என்பதும் உண்மை. ஒளிபரப்பின் நோக்கிலும் பயன் விளைந்தது. அதுவரை ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மட்டுமே படம் பிடிக்கப்பட்டதால் ஓர் ஓவர் விட்டு ஓர் ஓவர் மட்டையாளரின் முதுகையே பார்க்க நேர்ந்தது. இரு முனைகளிலும் கருவிகளை நிறுவும் வழக்கத்தை நிலைநிறுத்தியது பேக்கரின் நிறுவனமே. எனவே பெனோ தவறான பக்கம் சேர்ந்தார் என்பது நம் கருத்தன்று. அமைப்பை உருவாக்குவதில் பங்கு கொண்டவரே அதன் நடுநிலைக் குரலாகவும் திகழ முடியுமா என்பதே வினா.

இதற்கு விடை காண உதவும் நிகழ்ச்சி, முரணாக, அவருடைய நேர்மைக்குச் சான்றாக எப்பொழுதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சியேயாகும். 1981 பெப்ரவரி 1ஆம் நாள் மெல்பர்னில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே ஒருநாள் ஆட்டம் நடைபெற்றது. கடைசிப் பந்தில் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்ய 6 ஓட்டங்கள் தேவை. அணித்தலைவர் கிரெக் சேப்பல் தம் தம்பி டிரெவரிடம் பந்தைக் கையைத் தாழ்த்தித் தரையோடு உருட்டிவிடுமாறு பணித்தார். விதி அன்று அதற்குத் தடை கூறவில்லை. பிரையன் மெக்கெக்னி பந்தைத் தடுத்துவிட்டு மட்டையை வீசி எறிந்தார். அன்றைய ஒளிபரப்பின் இறுதியில் பெனோ திரையில் தோன்றி, ஒளிப்படக் கருவியை நேருக்கு நேர் பார்த்து, இச்செயல் இழிவானது, மீண்டும் நிகழ இடந்தரக் கூடாதது, கிரிக்கெட் களத்தில் தாம் கண்ட மிக மோசமான செயல்களுள் ஒன்று என்று கண்டித்தார்.

வடிவ நோக்கில் இது மிகவும் நுட்பமானது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் படத்தின் மீது அவர் ஏற்றிய குரல் வேறு. ஆட்டம் முடிந்தபின் முகம் காட்டிப் பேசிய குரல் வேறு. முன்னது செய்தி, பின்னது தலையங்கம். நாளிதழில் இரண்டும் ஒரே பத்தியில் கலக்கலாகாது என்று கற்றவர், தொலைக்காட்சியிலும் அவற்றைப் பிரித்தே வைத்தார். தம் நாட்டு அணியின் தலைவரை, தாம் ஊதியம் பெறும் நிறுவனத்தின் திரையிலேயே, அன்று மாலையே கண்டிக்கும் துணிவு எளிதன்று. இது எல்லாராலும் போற்றப்படுவது, நாமும் போற்றுகிறோம்.

ஆனால் அவ்வுரையை முழுமையாகக் கேட்போர் இன்னொன்றையும் காண்பர். ஆட்டக்காரர்கள் மிகுந்த அழுத்தத்தில் உள்ளனர், களைத்துள்ளனர், அதனால் அவர்தம் தீர்ப்பு மழுங்கியிருக்கலாம் என்ற சமாதானத்தை எடுத்துரைத்து, அதனைத் தாம் ஏற்கப்போவதில்லை என்று அவர் அறுதியிட்டுக் கூறினார். அக்களைப்பு எங்கிருந்து வந்தது? 1979இல் கிரிக்கெட் வாரியமும் பேக்கரும் சமரசம் செய்துகொண்ட பின், டெஸ்ட் ஆட்டங்களுக்கு இடையிடையே முத்தரப்பு ஒருநாள் தொடர்கள் நெருக்கமாகத் திணிக்கப்பட்டன. ஒளிபரப்பு உரிமையும் ஆட்டங்களைச் சந்தைப்படுத்தும் பணியும் பேக்கர் குழுமத்திடமே இருந்தன. அன்றைய மனநிலையில் தாம் அணியை நடத்தத் தகுந்த நிலையில் இல்லை என்று கிரெக் சேப்பலே பின்னாளில் கூறியுள்ளார். இது அவர் செயலை நியாயப்படுத்தாது. எனினும் ஒரு தனிமனிதரின் குற்றத்தை அத்துணைத் துல்லியமாகச் சுட்டிய குரல், அக்குற்றம் முளைத்த நிலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பது மட்டுமன்று, அந்நிலத்தைப் பற்றிய பேச்சையே முன்கூட்டி அடைத்துவிட்டது. அவருடைய மிகச் சிறந்த கூற்றுக்குள்ளேயே அவருடைய மிகப் பெரிய மௌனமும் அடங்கியுள்ளது என்று கூறுவதற்கு நாம் தயங்கவில்லை. சுருங்கச் சொல்லலின் எதிர்முனையில் நன்னூலார் ‘குன்றக் கூறல்’ என்னும் குற்றத்தையும் வைத்துள்ளார் அல்லவா?

இக்குறையால் அவருடைய கலை சிறுமைப்பட்டுவிடுவதில்லை. மாறாக, ‘நடுநிலை’ என்று நாம் எளிதாக வழங்கும் சொல்லை ஆராய அது இடந்தருகின்றது. அணிகளுக்கிடையே பெனோ நடுநிலையாளர், அதில் ஐயமில்லை. அணிகளுக்கும் அவற்றை ஆட்டுவிக்கும் நிறுவனங்களுக்கும் இடையே அவர் அவ்வாறு இருந்தாரா என்பதே வேறு கேள்வி.

அணிகளுக்கிடையே அவர் காத்த நடுநிலையின் மொழியியல் அடையாளம் ஒன்று உண்டு. அது தமிழாசிரியர்களாகிய நமக்குத் தனிச் சுவை பயப்பது. வருணனையில் ஓர் அணியைத் தன்மைப் பன்மையால் குறிக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார். உலகில் அப்பெயருடைய அணி எதுவும் இல்லை என்பது அவர் வாதம். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். கேட்பவர் அதனுள் அடங்குவாரா அடங்காரா என்பது ஊகத்துக்கு விடப்படும். தமிழில் அவ்வாறு நழுவ இயலாது. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உளப்படுவார். ‘நாங்கள்’ என்றால் புறத்தே நிறுத்தப்படுவார். கடந்த சில ஆண்டுகளாகத் தமிழில் பெருகிவரும் தொலைக்காட்சி வருணனையைக் கேட்போர், “நாம இன்னும் முப்பது ரன் எடுத்திருக்கணும்” என்பது போன்ற வாக்கியங்களுக்குப் பழகியிருப்பர். இந்த ‘நாம்’ யார்? சென்னை அணிக்கு ஆதரவாளர் அல்லாத சேலத்துக்காரர் உளப்படுகின்றாரா? கிள்ளானிலும் உட்லண்ட்ஸிலும் அமர்ந்து அதே ஒளிபரப்பைக் கேட்பவர் எந்த உரிமையில் அந்தப் பன்மைக்குள் இழுக்கப்படுகின்றார்? ஆங்கில வருணனையாளர் செய்தால் அது பக்கச்சார்பு. தமிழ் வருணனையாளர் செய்தால் கேட்பவரையும் கேளாமல் பக்கம் சேர்த்தல். இக்கட்டுரையிலும் நாம் ‘நாம்’ என்றே எழுதிவருகிறோம். வாசகர் விரும்பினால் விலகி நிற்கலாம் என்பதே அதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை. விலகி நிற்கவியலாத வேகத்தில் செவியில் விழுவது வருணனை.

மற்றொரு தடையும் தமிழுக்கு உண்டு. நம் வாக்கியத்தில் முற்றுவினை இறுதியில் நிற்கின்றது. ‘வலப்புறமாக நகர்ந்து, முழங்காலை மடக்கி, பந்தைத் தூக்கி’ என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டு போகும்போது முடிவு பின்தங்கிவிடும். கண்ணோ முடிவை முன்னரே கண்டுவிடும். வானொலியில் இவ்வமைப்பு ஆவலைத் தூண்டும் உத்தியாயிருந்தது. கேட்பவர் அந்த முற்றுவினைக்காகக் காத்திருந்தார். தொலைக்காட்சியில் அதுவே சுமையாகின்றது. வானொலிக்கு ஏற்ற வாக்கியத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தமையால்தான் தமிழ்த் தொலைக்காட்சி வருணனை பல நேரங்களில் மூச்சு வாங்குகின்றது. சிறுதொடர், இடைவெளி, மீண்டும் சிறுதொடர் என்ற பெனோவின் முறை தமிழ்த் தொடரமைப்புக்கு அயலானதன்று. பெயர்ப்பயனிலை கொண்டு வினையின்றியே வாக்கியத்தை முடிக்கும் வசதி நம் மொழியில் தாராளமாக உள்ளது. பழமொழிகள் பலவும் அவ்வாறு அமைந்தவையே. மாணவருக்கு வருணனைக் கட்டுரை கற்பிக்கும்போது அடைமொழிகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் வழங்கிவரும் நாம், ஒலி நிறுத்தப்பட்ட ஒரு காட்சித்துண்டைத் திரையிட்டு, இதற்கு ஐந்தே சொற்களைச் சேர்க்கவும் என்று ஒரு முறையேனும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு நடை முழுமை பெற்றதும் அது போலி செய்யப்படும் என்பது இலக்கிய வரலாறு அறிந்த செய்தி. பெனோவுக்கும் அது நேர்ந்தது. பில்லி பெர்மிங்ஹாம் என்னும் நகைச்சுவையாளர் 1984 முதல் வெளியிட்ட ஒலிப்பதிவுகள் அவருடைய குரலையும் இழுவையையும் நையாண்டி செய்து பெரும் விற்பனை கண்டன. பிற்காலத்தில் சிட்னி டெஸ்ட் ஆட்டங்களுக்கு இளைஞர்கள் அவரைப் போலப் பாலேட்டு நிறக் கோட்டும் நரைத்த பொய்முடியும் அணிந்து கூட்டமாக வந்தனர். போலி செய்தோர் அனைவரும் அவர் பேசிய முறையைப் பிடித்துக்கொண்டனர். அவர் பேசாதிருந்த முறையை எவராலும் போலி செய்ய இயலவில்லை.

பிபிசி டெஸ்ட் ஒளிபரப்பு உரிமையை இழந்தபின் 1999 முதல் சேனல் ஃபோரில் பெனோ தொடர்ந்தார். 2005க்குப் பின் இங்கிலாந்தின் டெஸ்ட் ஆட்டங்கள் கட்டணத் தொலைக்காட்சிக்குச் சென்றபோது அங்கு அவர் செல்லவில்லை. கட்டணமின்றி அனைவரும் காணும் ஒளிபரப்பிலேயே தம் இங்கிலாந்துப் பணியை முடித்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் சேனல் நைனுடனான உறவு, 2013இல் நேர்ந்த கார் விபத்துவரை நீடித்தது. 2014 நவம்பரில் தமக்குத் தோல் புற்றுநோய் இருப்பதை வெளியிட்டார். 2015 ஏப்ரல் 10ஆம் நாள் காலமானார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்த முன்வந்த ஆஸ்திரேலிய அரசின் விருப்பத்தைக் குடும்பத்தார் நன்றியுடன் மறுத்து, எளிய முறையில் அடக்கம் செய்தனர்.

இங்கிலாந்து ஒளிபரப்பில் அவர் விடைபெற்றது 2005 செப்டம்பர் 12ஆம் நாள், ஓவல் மைதானத்தில், ஆஷஸ் தொடரின் இறுதி நாளன்று. இதனை வானொலி வருணனையின் தலைமகனாகிய ஜான் ஆர்லட் 1980இல் லார்ட்ஸ் மைதானத்தில் விடைபெற்ற முறையோடு ஒப்பிடுதல் பொருத்தமாகும். ஆர்லட் தம் இறுதி ஓவரை வருணித்து முடித்து, அடுத்துப் பேசுவோர் பெயரைக் கூறி எழுந்துவிட்டார். விடைபெறும் சொல் ஒன்றுகூட இல்லை. பெனோவோ விடைபெற்றார். 42 ஆண்டுகளாகத் தம்மை வீட்டுக்கூடத்துக்குள் அனுமதித்த பார்வையாளர்களுக்கு நன்றி கூறத் தொடங்கினார். அவ்வாறு கூறிக்கொண்டிருக்கும்போதே கிளென் மெக்ராத் வீசிய பந்தில் 158 ஓட்டங்கள் எடுத்திருந்த கெவின் பீட்டர்சனின் குச்சிகள் சிதறின. அரங்கம் எழுந்து ஆரவாரித்தது. பெனோ பதறவில்லை, நன்றியுரையைக் கைவிடவுமில்லை. தொடங்கிய வாக்கியத்தின் நடுவிலேயே விக்கெட் விழுந்த செய்தியையும், வீசியவர் பெயரையும், எடுத்த ஓட்டங்களையும் இணைத்து, அடுத்த வருணனையாளர்களிடம் ஒலிவாங்கியை ஒப்படைத்தார். பீட்டர்சன் மட்டையை உயர்த்தியபடி திரும்பி நடந்துகொண்டிருந்ததைத் திரை காட்டிக்கொண்டிருந்தது.